ஸ்டாக்ஹோமில் ஆர்நெட் கோல்மன்: எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

அடையாறு_ஆல்டோ:
1965 டிசம்பரில் ஸ்டாக்ஹோமின் கோல்டன் சர்க்கிள் கிளப்பில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆர்நெட் கோல்மனின் ட்ரையோ (மூவர் குழு) வாசித்ததை ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனம் இரண்டு பாகமாக வெளியிட்டது. கோல்மன் ஆல்டோ சாக்ஸபோன், டேவிட் ஐசன்சன் பேஸ் (வயலின் குடும்பத்தின் பெரிய, கீழ்ஸ்தாயி வாத்தியம்), சார்லஸ் மொஃபெட் டிரம்ஸ். பியானோ இல்லை. கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) போட்டு வழிகாட்ட ஆளில்லாததால் சாக்ஸ் நினைத்த திசையில் திரும்புகிறது. ஃப்ரீ ஜாஸ், அதாவது வகுத்துவைத்த கார்டு வரிசைக்குக் கட்டுப்படாத ஜாஸ், கேட்காதவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

மாடவீதி_ரசிகன்:
இரண்டையும் கேட்டேன். முதலில் ஒரு மெட்டு, கடைசியில் அதே மெட்டு. நடுவில் பிடிமானமே இல்லை. ஆலாபனைக்கும் தாளம் இல்லையே என்பீர்கள். ஆனால் அங்கே ராகம் இருக்கிறது. தோடி என்று தெரிந்ததும் இன்ன சஞ்சாரம் (ராகத்துக்கே உரிய ஸ்வரப் போக்கு) வரும் என்று மனம் காத்திருக்கும். பாடகர் அதைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட சுகம் கூடும். இங்கே எதற்காகக் காத்திருப்பது?

அடையாறு_ஆல்டோ:
கோல்மன் அடுத்து என்ன செய்வார் என்பதற்குத்தான் சார். ஒரு சின்ன சொற்றொடரை எடுப்பார், வேறு சுருதியில் திருப்பிச் சொல்வார், அதன் வாலிலிருந்து அடுத்ததைப் பிடிப்பார். ‘டான்’ என்ற பாட்டைக் கேளுங்கள். ஐசன்சன் வில் போட்டு வாசிக்கும்போது பேஸ் பின்னணியில் நிற்காமல் இன்னொரு குரலாகவே வருகிறது.

லயக்காரி:
நான் மிருதங்கம் கற்றவள். ‘ஃபேசஸ் அண்ட் ப்ளேசஸ்’ பாட்டில் மொஃபெட்டின் சிம்பலை (டிரம்ஸின் உலோகத் தட்டை) மட்டும் கவனித்துப் பாருங்கள். நடை விடாமல் ஓடுகிறது. பிடிமானம் அங்கே இருக்கிறது அண்ணா, நீங்கள் அதை சாக்ஸில் தேடுகிறீர்கள்.

மாடவீதி_ரசிகன்:
சரிம்மா, டிரம்ஸை ஏற்கிறேன். ‘ஸ்னோஃப்ளேக்ஸ் அண்ட் சன்ஷைன்’ என்ன ஆயிற்று? சாக்ஸை வைத்துவிட்டு ட்ரம்பெட்டையும் வயலினையும் எடுக்கிறார், தானாகக் கற்றதாம். வயலினில் ஒரு கமகம் (ஸ்வரத்தின் அசைவு) சுத்தமாக விழ வருஷக்கணக்கில் சாதகம் செய்யும் ஊர் இது. அந்தக் கீறல் சத்தத்தைப் புதுமை என்று என் காது ஏற்காது.

அடையாறு_ஆல்டோ:
அவர் அதில் ராகமும் வாசிக்கவில்லை, ஐரோப்பிய சாஸ்திரிய சங்கீதமும் வாசிக்கவில்லை. வில்லை வேகமாக இழுத்து டிரம்ஸோடு மோதவிடுகிறார், ஏறக்குறைய தாள வாத்தியமாக. அப்புறம் இன்னொன்று. இதே மூவர் 1962 டிசம்பரில் நியூயார்க் டவுன் ஹாலில் வாசித்தார்கள். அதன்பின் 1965 தொடக்கம் வரை கோல்மன் மேடை ஏறவே இல்லை. அந்த இடைவெளியில் கற்றவைதான் வயலினும் ட்ரம்பெட்டும்.

லயக்காரி:
நேரடிப் பதிவு என்பதும் முக்கியம். நம் ஊரிலும் ஸ்டூடியோ பதிவைவிட சபா கச்சேரிப் பதிவைத்தானே தேடித் தேடிக் கேட்கிறோம்? பாடகர் எதிர்பாராத இடத்தில் நிரவல் எடுக்க (ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாட), மிருதங்கம் சட்டென்று தணிந்து வழிவிடுமே, அந்தக் கணத்துக்காக. இந்த மூவரிடம் அது பாட்டு முழுக்க நடக்கிறது.

மாடவீதி_ரசிகன்:
நிரவலில் சாகித்ய வரி மாறாது. அதனால்தான் பாடகர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று அளக்க முடிகிறது. கோல்மன் போன தூரத்தை நான் எதை வைத்து அளப்பது?

லயக்காரி:
தொடக்க மெட்டை வைத்துத்தான். ‘யூரோப்பியன் எக்கோஸ்’ மெட்டு குழந்தைகூட முணுமுணுக்கக்கூடியது. அதை மனதில் ஓடவிட்டபடியே நடுப்பகுதியைக் கேளுங்கள் அண்ணா.