உதடு கிழிந்த கதையை இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்? (அமெரிக்க ஜாஸ் பேண்ட் தலைவர் கிளென் மில்லர்)

ரீடுக்கட்டை:
நேற்று மாலைநேரம் இங்கே எழுதியது இது: "மில்லரின் லீட் ட்ரம்பெட்காரருக்கு ஒத்திகையில் உதடு கிழிந்தது. வேறு வழியில்லாமல் அந்த வரியைக் கிளாரினெட்டுக்குக் கொடுத்தார். மில்லர் சத்தம் பிறந்தது அப்படித்தான்." இது வரலாறு இல்லை. 1954-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த படத்தில் வரும் காட்சி. படம் பார்த்துவிட்டு வரலாறு எழுதாதீர்கள்.

அந்தச் சத்தம் கிளாரினெட் மட்டும் இல்லை. மேலே கிளாரினெட் ராகத்தை வாசிக்கும். அதே ராகத்தை ஒரு ஸ்தாயி கீழே ஒரு டெனர் சாக்ஸ் (தாழ்ந்த குரல் சாக்ஸபோன்) வாசிக்கும். நடுவில் மூன்று சாக்ஸ் நெருக்கமாக அடைத்து நிற்கும். எஃப் சிக்ஸ்த் என்ற கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) என்றால் மேலிருந்து எஃப், டி, சி, ஏ, மறுபடி எஃப். அந்தக் கடைசி எஃப் தான் டெனர். அதை எடுத்துவிட்டால் மில்லர் இல்லை. உதடு கிழிந்ததால் டெனர் எப்படி வந்தது? பதில் சொல்லுங்கள்.

மாலைநேரம்:
படத்தில் வந்தாலே பொய்யா? ட்ரம்பெட் வாசிக்க முடியாமல் கிளாரினெட்டுக்குப் போனது என்பதுதானே விஷயம். உதடோ வேறு எதுவோ.

ரீடுக்கட்டை:
"வேறு எதுவோ" இல்லை. உதடு என்று எழுதியவர் நீங்கள்.

78சுற்று:
உதடு தப்பு, சரி. ஆனா மாலைநேரம் சொன்ன அடிப்படை தப்பில்ல. 1935-ல இங்கிலாந்து பேண்ட் தலைவர் ரே நோபிள் அமெரிக்காவுல பேண்ட் கட்டினப்போ ஆள் சேர்த்து, அரேஞ்ச்மென்ட் (எந்த வாத்தியம் எதை வாசிக்கணும்ங்கிற தாள்) எழுதினவர் மில்லர். அங்க ட்ரம்பெட்காரர் பீ வீ எர்வினுக்கு உச்சி சுரம் அநாயாசமா வரும், அதனால சாக்ஸ்களுக்கு மேல அவருக்கு ட்ரம்பெட் வரி. அவர் போனதும் வந்த ஆளுக்கு அது எட்டல. வரி கிளாரினெட்டுக்குப் போச்சு. எர்வினே சொன்ன கணக்கு இது. தற்செயல்தான்.

இன்னொண்ணு. ட்ரம்பெட்டும் பி ஃபிளாட், கிளாரினெட்டும் பி ஃபிளாட் (தாள்ல சி எழுதினா பி ஃபிளாட் கேட்கும்). புதுசா ஒரு சுரம்கூட எழுத வேண்டாம். அதே தாளை எடுத்து அடுத்த ஸ்டாண்டுல வச்சா போதும். இதுக்குப் பேர் கண்டுபிடிப்பா?

ரீடுக்கட்டை:
நல்லது, நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். டெனரும் பி ஃபிளாட் வாத்தியம்தான். தாளில் ஜி எழுதியிருந்தால் கிளாரினெட்டில் எஃப் கேட்கும், டெனரில் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே எஃப் கேட்கும். கிளாரினெட் தாளை ஒரு புள்ளி மாற்றாமல் டெனர்காரரிடம் கொடுத்தால் ஸ்தாயி இரட்டிப்பு தானாக வரும். ட்ரம்பெட் நாற்காலி காலியானது விபத்து, ஒத்துக்கொள்கிறேன். டெனரிடம் அந்தத் தாளைக் கொடுத்தது விபத்து இல்லை. முடிவு.

பேஸிபக்தன்:
எழுதினது யார், தாள் எங்க போச்சுன்னு இவ்வளவு பேச்சு. பேண்ட் தலைவர் டியூக் எலிங்டன் 1930-லயே 'மூட் இண்டிகோ' பதிஞ்சாச்சு. பார்னி பிகார்ட் கிளாரினெட். அதுக்கும் முன்னால 1920-கள்ல ஃபிளெட்சர் ஹெண்டர்சன் பேண்டுக்கு டான் ரெட்மன் கிளாரினெட் மூணு சேர்த்து எழுதிட்டார். கறுப்பினக் கலைஞர்கள் செஞ்சு முடிச்சதை மில்லர் தலையில கட்டுற பழக்கம் எப்ப போகும்?

ரீடுக்கட்டை:
எலிங்டனை மதிக்கிறவன் நான், அதனால் சரியாகச் சொல்லுங்கள். 'மூட் இண்டிகோ'வில் கிளாரினெட் மேலே இல்லை. ஆர்தர் வெட்ஸலின் ட்ரம்பெட் மேலே, நான்டனின் ட்ராம்போன் நடுவில், பிகார்டின் கிளாரினெட் அடியில். வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கியதுதான் அதன் மேதைமை. ரெட்மன் எழுதியது மூன்று கிளாரினெட் சேர்ந்து வாசிப்பது. இரண்டிலும் டெனர் இரட்டிப்பு எங்கே?

பேஸிபக்தன்:
டெனர், டெனர், டெனர். வேற வார்த்தையே இல்லையா?

ரீடுக்கட்டை:
இல்லை. ஏனென்றால் அதைக் கவனிக்காமல்தான் எல்லோரும் தோற்கிறார்கள். மில்லரின் 'மூன்லைட் செரனேட்' தாளை வாங்கி, கிளாரினெட்டை மேலே நிறுத்தி, மெல்லிசாகக் கீச்சென்று கேட்டதும் "மில்லர் மாதிரி வரவில்லை" என்கிறார்கள். எங்கே தவறுகிறது என்று சொல்கிறேன்.

கிளாரினெட்டின் பலம் தாளில் நடு வரி பி-யில் ஆரம்பித்து மேல் சி வரை. அதற்குக் கீழே ஜி, ஜி ஷார்ப், ஏ, பி ஃபிளாட் நான்கும் தொண்டைச் சுரங்கள். பெரும்பாலான துளைகள் திறந்து, குழலில் குட்டைத் துண்டு மட்டுமே ஒலிக்கும். மூச்சுப் போன சத்தம். ராகம் அங்கே இறங்கினால் கீழேயுள்ள நான்கு சாக்ஸும் லீடை விழுங்கிவிடும். அதனால் ராகத்தைப் பார்த்துத்தான் முதலில் ஸ்கேலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பாடகருக்குப் பார்த்து அல்ல.

அடுத்தது சுருதி. கிளாரினெட் மெதுவாக வாசித்தால் ஏறும், பலமாக ஊதினால் இறங்கும். ஸ்தாயியில் இரட்டிப்பு இருப்பதால் மயிரிழை விலகினாலும் அலையடிக்கும். டெனர்காரர் தன்னிஷ்டத்துக்கு ஊதக்கூடாது, காதைக் கிளாரினெட்டில் வைத்து அதற்குக் கீழே ஒட்ட வேண்டும். அவர் கொஞ்சம் பெரிதாக ஊதினாலும் மொத்தமும் டெனர் பாட்டாகிவிடும். அளவு: கிளாரினெட் இல்லாதபோதுதான் டெனர் இருந்தது தெரிய வேண்டும்.

அப்புறம் அசைவு. சாக்ஸ் நான்கும் வைப்ரேட்டோவில் (சுரத்தை லேசாக நடுக்குவது) ஆடும்போது கிளாரினெட் கம்பி மாதிரி நேராக நின்றால் தனியாகத் துருத்தும். மில்லரின் கிளாரினெட்காரர் வில்பர் ஷ்வார்ட்ஸ் சாக்ஸ்காரர் மாதிரியே அசைத்து வாசித்தார், ஒட்டியது. வெறும் கிளாரினெட் போதும் என்றால் மில்லரின் 1937 பேண்டிலேயே இர்விங் ஃபசோலா இருந்தாரே! அந்த பேண்ட் 1938 தொடக்கத்தில் கலைந்தது. ஷ்வார்ட்ஸ் வந்து, 1939 கோடையில் நியூ ரோஷெல் க்ளென் ஐலண்ட் கசினோவில் உட்கார்ந்த பிறகுதான் நாடே கேட்டது.

78சுற்று:
ஃபசோலா மட்டமான ஆளா? நியூ ஆர்லியன்ஸ் சத்தம் அது. பேண்ட் கலைஞ்சது காசில்லாம, கிளாரினெட்டால இல்ல.

ரீடுக்கட்டை:
மட்டம் என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள்.

மாலைநேரம்:
நடுச் சாக்ஸ்கள் ராகம் நகரும்போது என்ன செய்யும்? அதைச் சொல்லவில்லையே.

ரீடுக்கட்டை:
உருப்படியான கேள்வி. ராகம் எஃப், ஏ, சி, டி-யில் நின்றால் எஃப் சிக்ஸ்த். இடையில் ஜி, பி ஃபிளாட், இ வழியாக நழுவினால் ஜி டிமினிஷ்ட் என்ற இன்னொரு கார்ட். ஐந்து பேரும் சேர்ந்து நகர்வார்கள், யாரும் ஒரே சுரத்தில் உட்கார மாட்டார்கள். இது மில்லருக்கு மட்டும் சொந்தமில்லை, அந்தக் காலத்து சாக்ஸ் வரிசை எல்லாம் இப்படித்தான். மேலும் கீழும் பூட்டுப் போட்டதுதான் அவர் வேலை. இசைக் கோட்பாட்டு ஆசிரியர் ஜோசப் ஷில்லிங்கரிடம் பாடம் படித்தவர். 'மூன்லைட் செரனேட்' ராகமே அங்கே செய்த பயிற்சியில் பிறந்தது. இவரைப் போய்த் தற்செயல்காரர் என்கிறீர்கள்.

பேஸிபக்தன்:
படிச்சார், எழுதினார், அளந்தார். ஸ்விங் (ஆட வைக்கிற துள்ளல்) எங்க? மில்லர் பேர் சொல்ற 'இன் தி மூட்' யாரோடது? 1930-ல ட்ரம்பெட்காரர் விங்கி மனோன் 'டார் பேப்பர் ஸ்டாம்ப்'ல அதே ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற சின்ன வரி). 1931-ல ஹெண்டர்சன் 'ஹாட் அண்ட் ஆங்ஷஸ்'ல அதே ரிஃப். இசைத்தட்டுல எழுதினவர் பேர் ஜோ கார்லண்ட். மில்லருக்கு இதுல என்ன இருக்கு?

ரீடுக்கட்டை:
கத்தரிக்கோல் இருக்கிறது. கார்லண்ட் எழுதியதை 1938-ல் இன்னொரு பேண்ட் தலைவர் ஆர்ட்டி ஷா வானொலியில் வாசித்தார். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டில் பதியவே முடியாத நீளம். மில்லர் வெட்டி 1939 ஆகஸ்ட் 1-ல் ஒரு பக்கத்தில் அடக்கினார். டெக்ஸ் பெனிகி, அல் கிளிங்க் இரண்டு டெனரும் மாறி மாறி மோத, கடைசியில் அதே ரிஃப் ஒவ்வொரு சுற்றும் தணிந்து தணிந்து காணாமல் போய்த் திடீரென வெடிக்கும். இசையை ஒழுங்குபடுத்துவதும் இசைதான்.

78சுற்று:
அதுலயும் டெனர்தான் உங்களுக்கு. மில்லரோட 'சட்டனூகா சூ சூ'க்கு 1942 பிப்ரவரி 10-ல தங்கத் தட்டு, 12 லட்சம் பிரதி, முதல் தங்கத் தட்டுன்னு ஊரெல்லாம் பேசுறாங்களே, அதையும் சொல்லிடுங்க. அது கம்பெனி தன் சொந்தத் தட்டுக்குத் தானே பூசின தங்க முலாம். அமெரிக்க இசைத்தட்டுத் தொழில்துறைச் சங்கம் சான்று கொடுக்க ஆரம்பிச்சதே 1958-ல.

மாலைநேரம்:
1944 டிசம்பர் 15-ல் இங்கிலாந்தில் பெட்ஃபர்ட் பக்கத்து ட்வின்வுட் ஃபார்ம் விமானத் தளத்திலிருந்து நார்ஸ்மன் விமானத்தில் ஏறிய மில்லர் பாரிஸ் போய்ச் சேரவே இல்லை. இவ்வளவு செய்தவரைத் தங்க முலாம் என்று பேசுவது நியாயமா? திரும்பி வந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் கடலில் கொட்டிய குண்டு பட்டுத்தான் விழுந்தது என்கிறார்களே.

78சுற்று:
அது ஒரு நேவிகேட்டர் நாற்பது வருஷம் கழிச்சு சொன்னது. குளிர்ல அந்த விமானத்தோட கார்புரேட்டர் உறையும்னு பேசுறவங்களும் இருக்காங்க. உதட்டுல ஏமாந்த மாதிரி இதுலயும் ஏமாறாதீங்க.

மாலைநேரம்:
உதட்டை விடவே மாட்டீர்களா?

ரீடுக்கட்டை:
விமானம் வேண்டாம், அதற்குத் தனி இழை தொடங்குங்கள். 78சுற்று இன்னும் பதில் சொல்லவில்லை. டெனர்?

78சுற்று:
முதல்ல எர்வின் போனார். அப்புறம்தான் கிளாரினெட். அதுக்கும் அப்புறம்தான் உங்க டெனர். வரிசை மாறாது.

ரீடுக்கட்டை:
வரிசை கேட்கவில்லை. அதே ஜி-யைக் கீழே ஒருவரிடம் கொடுக்கச் சொன்னது எந்த உதடு?

பேஸிபக்தன்:
எலிங்டனுக்குப் பதில் இன்னும் வரல.

ரீடுக்கட்டை:
வந்துவிட்டது. மேலே போய்ப் படியுங்கள். கிளாரினெட் அடியில்.