முத்திரை இல்லாத ஊதா நிறப் பூச்சாடி: எந்த நாட்டுக் கண்ணாடி?

கேள்வி

என்னிடம் 18 செ.மீ. உயரமுள்ள, எட்டுப் பட்டைகள் கொண்ட பழைய கண்ணாடிப் பூச்சாடி ஒன்று இருக்கிறது. அளவுக்கு மீறிய கனம். பகல் வெளிச்சத்தில் இளம் ஊதாவாகத் தெரியும் இது, டியூப் லைட்டின் அடியில் வைத்தவுடன் சாம்பல் பூத்த நீலமாகிவிடுகிறது. முதல் நாள் யாரோ சாடியை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அடியில் பெயரோ எண்ணோ ஒட்டுத்தாளோ இல்லை. கொடுத்தவர் இத்தாலியில் வெனிஸ் அருகேயுள்ள முரானோ தீவின் கண்ணாடி என்றார். அதை நம்பலாமா?

பதில் 1

நிறம் மாறுவதற்குக் காரணம் கண்ணாடியில் சேர்க்கப்பட்ட நியோடைமியம் ஆக்சைடு என்ற உலோகச் சேர்மம். அது மஞ்சள் ஒளியின் ஒரு குறுகிய பகுதியை விழுங்கிவிடும். வெயிலில் எல்லா நிறங்களும் இடைவெளியின்றி இருப்பதால் மிஞ்சும் சிவப்பும் நீலமும் கலந்து ஊதாவாகத் தெரிகின்றன. டியூப் லைட்டின் ஒளியோ துண்டு துண்டாக வருவதால் நீலம் மேலோங்குகிறது. இவ்வகைக் கண்ணாடியைக் செக் நாட்டுக் கார்லோவி வாரி நகரின் மோசர் ஆலை 1920-களின் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எனவே உங்கள் சாடி 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்க வழியில்லை. ஆனால் அமெரிக்காவின் ஹெய்சி உள்ளிட்ட பிறரும் பின்னர் இதே நிறத்தில் செய்தார்கள் என்பதால், நிறத்தை வைத்துக் காலத்துக்கு ஒரு கீழெல்லை சொல்லலாமே தவிர நாட்டைச் சொல்ல முடியாது.

பதில் 2

சாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்கியால் அடிப்பாகத்தைப் பாருங்கள். ஊதிச் செய்த பாத்திரத்தை இரும்புக் கம்பியிலிருந்து முறித்தெடுத்த தழும்பு நடுவில் சொரசொரப்பாக இருக்கலாம், அல்லது அதைத் தேய்த்து மெருகிட்ட வழவழப்பான குழி இருக்கலாம். பிறகு பட்டைகளின் விளிம்பை நகத்தால் வருடுங்கள். அச்சில் அழுத்திச் செய்ததென்றால் விளிம்பு மழுங்கியிருக்கும். அச்சு இணைந்த இடத்தில் மெல்லிய கோடும் பெரும்பாலும் தட்டுப்படும். சக்கரத்தில் பட்டை தீட்டியதென்றால் விளிம்பு கூராக நிற்கும். விரலை உள்ளே விட்டுத் தடவவும் மறக்காதீர்கள்: அச்சுக்குள் ஊதியதில் வெளிவடிவம் உட்புறத்திலும் தெரியும், தீட்டியதில் உட்புறம் பட்டையே இல்லாமல் உருண்டையாக இருக்கும்.

கேட்டவரின் மறுமொழி

பார்த்தேன். விளிம்புகள் கூராக உள்ளன, கோடு எங்கும் இல்லை, உட்புறம் முழு உருண்டை. அடி முழுவதும் தட்டையாக மெருகிடப்பட்டிருக்கிறது. அதன் ஓரத்தில் மட்டும் நுண்ணிய கீறல்கள் பல திசைகளில் ஓடுகின்றன. ஒளிக்கு எதிரே பிடித்தால் ஒரே நிறம்தான், அடுக்குகள் இல்லை.

பதில் 3

கீறல்கள் தாறுமாறாக இருப்பது நல்ல அறிகுறி. பழமை காட்டுவதற்காக உப்புத்தாளில் தேய்த்திருந்தால் அவை பெரும்பாலும் ஒரே போக்கில், அடி முழுவதும் பரவியிருக்கும்.

முத்திரையில்லாத வண்ணக் கண்ணாடி எதைக் கண்டாலும் முரானோ என்று பெயர் சூட்டும் பழக்கம் விற்பவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. முரானோவின் சோடாக் கண்ணாடி நெடுநேரம் இளகியிருக்கும் என்பதால், அங்குள்ளவர்களின் கைத்திறன் முக்கியமாகச் சூட்டிலேயே உருவம் கொடுப்பதில் வளர்ந்தது. அங்கும் பட்டை தீட்டிய கனத்த சாடிகள் வந்தன என்பது உண்மையே; ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஒரு நிறத்துக்குள் இன்னொரு நிறம் மூழ்கியிருக்கும். நியோடைமிய நிறம், ஒரே அடுக்கு, கூரான பட்டை, மெருகிட்ட தட்டையான அடி ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால் மோசர் ஆலை உள்ள, செக் நாட்டின் பொஹீமியப் பகுதிக்கே வாய்ப்பு அதிகம்.

முத்திரை இல்லாததை வைத்து ஐயப்பட வேண்டாம். 1891 முதல் அமெரிக்காவுக்குச் சென்ற பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்டபோதும், பல ஆலைகள் ஒட்டுத்தாளோடு நிறுத்திக்கொண்டன. நாலு முறை கழுவினால் அது போய்விடும். ஆலையின் பெயரைச் சொல்ல வேண்டுமானால், அளவும் பட்டை எண்ணிக்கையும் பொருந்தும் பழைய விலைப்பட்டியல் படம் ஒன்று கிடைக்க வேண்டும்; அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தின் நூலகத்தில் இத்தகைய பட்டியல்கள் ஏராளமாக உள்ளன. அதுவரை உங்கள் குறிப்பேட்டில் "பொஹீமியாவாக இருக்கலாம், 1920-களின் இறுதிக்குப் பிந்தையது, ஆலை தெரியவில்லை" என்று எழுதி வையுங்கள். மோசர் என்று மட்டும் இப்போதே எழுதிவிடாதீர்கள்.