மேல்முறையீடு முடியும் வரை வரி வசூலுக்குத் தடை: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் சிறு தொழில் சம்பந்தமான வரி வழக்கில் தீர்ப்பாயம் எனக்கு எதிராகத் தீர்ப்பளித்துவிட்டது. மேல்முறையீடு செய்யப்போகிறேன். ஆனால் அதைத் தாக்கல் செய்ததாலேயே வசூல் நின்றுவிடாது, இடைக்காலத் தடைக்குத் தனி மனு போட வேண்டும் என்கிறார் வக்கீல்.

முதல் பார்வையில் வழக்கில் வலு இருக்கிறதா, தடை இல்லாவிட்டால் ஈடுகட்ட முடியாத இழப்பு வருமா, யாருக்குச் சிரமம் அதிகம் என்றுதான் நீதிமன்றம் பார்க்குமாம். வலுவைப் பற்றிக் கவலை இல்லை, சட்டக் கேள்வி தெளிவாகவே இருக்கிறது. இழப்பு விஷயத்தில்தான் இடிக்கிறது. இப்போது கட்டுங்கள், ஜெயித்தால் திரும்பக் கிடைக்குமே என்று வரித்துறை நிச்சயம் சொல்லும். (அதற்குள் தொழிலே படுத்துவிட்டால் ரீஃபண்டை வைத்து என்ன செய்வது!)

தொழில் முடங்கும் என்பதை நீங்கள் எதை வைத்துக் காட்டினீர்கள்? வங்கிக் கணக்கு விவரம், சம்பளப் பட்டியல், ஆடிட்டர் சான்று போதுமா? ஒரு பகுதியைக் கட்டச் சொல்லியோ வங்கி உத்தரவாதம் கேட்டோ தடை கொடுப்பது உண்டு என்கிறார்கள். நாமே முந்திக்கொண்டு ஒரு தொகையைச் சொல்வது நல்லதா, நீதிபதி கேட்கட்டும் என்று இருப்பதா? அப்புறம், மனு விசாரணைக்கு வருவதற்குள் வங்கிக் கணக்கை முடக்கிவிட்டால் அவசரமாக எடுத்துக்கொள்வார்களா?