காலில் பழுத்த கட்டிக்குக் காளான் மாத்திரை கொடுக்கலாமா?

அம்பை வாசகி:
என் அம்மாவுக்கு வயது 62. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. நடவுக்குப் போன இடத்தில் கெண்டைக்காலில் முள் தைத்து, கட்டியாகிப் பழுத்துவிட்டது. மருத்துவர் ஏழு நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாள் சீழ் வடிந்து வலி குறைந்ததும் அம்மா அதை நிறுத்திவிட்டார். இப்போது உறவினர் ஒருவர் ரெய்ஷி காளானும் வேம்பும் சேர்ந்த மாத்திரைப் புட்டியொன்றைக் கொண்டுவந்து, காளானும் பூஞ்சைதான், பென்சிலினே பூஞ்சையிலிருந்து வந்ததுதானே என்று வற்புறுத்துகிறார். நேற்றிலிருந்து கட்டியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, தொட்டால் சுடுகிறது.

பாளை மருந்தாளுநர்:
கொடுக்க வேண்டாம், தங்கச்சி. இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இப்போதே சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடிட்டு, நேரத்தையும் எழுதிவையுங்கள். எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பது அதைப் பார்த்தால் மருத்துவருக்குத் தெரியவரும். குளிர்காய்ச்சல் கண்டால் இரவென்றும் பாராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இத்தகைய கட்டிகளுக்குப் பெரும்பாலும் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவே காரணம். ஆய்வுக்கூடத்துத் தட்டில் காளான் சாற்றை நேரடியாகச் சேர்த்தால் அதன் வளர்ச்சி குறைவதுண்டு. ஆனால் விழுங்கிய மாத்திரை குடலில் செரித்த பிறகு, அதே அடர்த்தியில் கெண்டைக்கால் வரை போய்ச் சேரும் என்பதற்கு ஆதாரமில்லை. பென்சிலினும் 1928இல் பூஞ்சையில் கண்டறியப்பட்டு, பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய பின் 1941இல்தான் நோயாளியின் உடலில் ஊசியாக ஏறியது. காளானிலிருந்தே கிடைத்த புளூரோமுட்டிலின் என்ற பொருளை வேதிமுறையில் மாற்றி, மனிதர்களிடம் சோதித்து, ரெட்டாபாமுலின் என்ற தோல் களிம்பாக அமெரிக்காவில் அனுமதித்தது 2007இல். காளானில் அந்தப் பொருளைக் கண்டதற்கும் களிம்பு வந்ததற்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

புட்டியைத் திருப்பிப் பாருங்கள். சத்துப்பொருளாக விற்பதென்றால், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க அம்மா ஏதும் மாத்திரை சாப்பிட்டால், ரெய்ஷியால் ரத்தக்கசிவு கூடவும் வாய்ப்புண்டு.

சித்த மருத்துவம் படித்தவள்:
அண்ணாச்சி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஊமத்தை இலைச்சாறு, தேங்காயெண்ணெய், மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலத்தை நாங்களும் ஆறாத புண்களுக்குப் பூசுகிறோம். அது மேற்பூச்சு, தோலுக்கடியில் இப்படிப் பரவும் சிவப்புக்கு அதை நம்பி நான் ஒருநாள்கூடக் காத்திருக்கமாட்டேன். உடலைப் பார்க்காமலே விற்கும் புட்டிகளில் மூலிகை என்ற சொல்லைப் பார்க்கும்போது, எங்கள் மருத்துவத்துக்கும் சேர்ந்து கெட்ட பெயர் வருகிறதே என்று மனம் வேதனைப்படுகிறது.

அம்பை வாசகி:
மாலை ஐந்து மணிக்கு இட்ட கோட்டைச் சிவப்பு எட்டு மணிக்குள் ஒரு விரற்கடை தாண்டிவிட்டது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கீறிச் சீழை எடுத்துவிட்டு, நரம்பு வழியாக மருந்து ஏற்றுகிறார்கள். சர்க்கரை 340 இருந்தது. இன்று காலை காய்ச்சல் தணிந்து, அம்மா ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தார். நீங்கள் சொன்ன வரி புட்டியின் அடியில், ஆங்கிலத்தில், கடுகளவு எழுத்தில் இருந்தது. கோடிட்ட அதே பேனாவால் அதை வட்டமிட்டு, புட்டியை உறவினரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.