கடைவங்கி: ஒரு கலைச்சொல் இழை

பொருள்: 'அக்வயரர்' - தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் கம்பெனியைப் பதிவுசெய்துவிட்டு இங்கே உட்கார்ந்து மென்பொருளோ பாடமோ விற்பவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். செஷல்ஸிலோ பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளிலோ கம்பெனி தொடங்க முகவருக்குப் பணம் கட்டினால் போதும், சில நாளில் சான்றிதழ் வந்துவிடும். அந்தக் கம்பெனி பேரில் விசா, மாஸ்டர்கார்டு அட்டைக்காரர்களிடம் காசு வாங்குவதுதான் பெரும்பாடு. அதைச் சொல்லும் அத்தியாயத்தில் ஒரு சொல் இடறுகிறது: அக்வயரர். வாங்குபவருக்கு அட்டை கொடுத்த வங்கி ஒன்று. விற்பவருக்காக அந்தப் பணத்தை வாங்கித் தரும் வங்கி இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் பெயர் வேண்டும். இப்போதைக்கு 'கையகப்படுத்தும் வங்கி' என்று போட்டிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

- க.

*

கையகப்படுத்தும் வங்கி என்றதும் எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தவர்கள்தான் கண்ணில் வருகிறார்கள். 'பெறும் வங்கி' போதாதா?

- சு.மு.

*

> 'பெறும் வங்கி' போதாதா?

போதாது ஐயா. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் படிவத்தில் 'பெறுநர் வங்கி' என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. க. எழுதும் அத்தியாயத்திலேயே அதுவும் வரும். அட்டைப் பணத்தை லிதுவேனியாவிலுள்ள ஒரு நிறுவனம் வாங்கி, கம்பெனிக்குக் கணக்கு இருக்கும் வேறொரு நாட்டு வங்கிக்கு அனுப்பும். ஒரே பத்தியில் 'பெறும் வங்கி'யும் 'பெறுநர் வங்கி'யும் வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

'வணிகர் வங்கி'யும் ஆகாது. மெர்ச்சன்ட் பேங்க் என்பதற்கு அதைத்தான் எழுதுகிறார்கள். 'ஏற்பு வங்கி' என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். மாற்றுச்சீட்டு ஏற்பு என்று வணிகவியல் மாணவர்கள் படிப்பது வேறு சங்கதி.

அந்த வங்கி என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். நாற்பது டாலருக்கு ஒருவர் உங்கள் பாடத்தை வாங்குகிறார். பாடம் திறக்கவில்லை, நீங்களும் பதில் போடவில்லை. அவர் உங்களிடம் சண்டைக்கு வரமாட்டார், தன் அட்டை வங்கியிடம் முறையிடுவார். விசாவில் பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. இதுதான் சார்ஜ்பேக். அட்டை வங்கி அந்தப் பணத்தை, உங்களுக்காக அதை வாங்கித் தந்த வங்கியிடமிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த வங்கி உங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளும். கணக்கில் ஒன்றுமில்லை, நீங்களும் கடையைக் கட்டிவிட்டீர்கள் என்றால்? நட்டம் அந்த வங்கியின் தலையில். 2019 செப்டம்பரில் தாமஸ் குக் என்ற பிரிட்டிஷ் சுற்றுலா நிறுவனம் மூழ்கியபோது, வெறும் விமானச் சீட்டு மட்டும் வாங்கியிருந்த பலர் அட்டை வங்கிகளிடம்தான் போய் நின்றார்கள். இன்னும் பறக்காத பயணத்துக்குக் காசை முன்கூட்டியே வாங்கித் தருவது விற்பவர் தரப்பு வங்கிக்கு எவ்வளவு ஆபத்து என்று அதில் தெரிந்துகொள்ளலாம்.

ஆக, உங்களைச் சேர்த்துக்கொள்வது என்றால் உங்களுக்குக் கடன் கொடுப்பது மாதிரிதான். அதனால்தான் அவ்வளவு கேள்வி. இயக்குநரின் கடவுச்சீட்டு, வீட்டு மின்கட்டண ரசீது, ஆறு மாத வங்கிக் கணக்கு, கடைசியில் லாபம் யார் கைக்குப் போகிறது என்ற விவரம், தளத்தில் பணம் திருப்பித்தரும் விதி எழுதியிருக்கிறதா என்பது வரை. முகவரியைத் தேடுவார்கள், அது ஆயிரக்கணக்கான கம்பெனிகள் பகிர்ந்துகொள்ளும் முகவர் அலுவலகமாக இருக்கும். அமெரிக்காவிலேயே டெலவேரின் வில்மிங்டனில் 1209, நார்த் ஆரஞ்சு தெரு என்ற ஒற்றைக் கட்டடத்தில் 2012 வாக்கில் 2,85,000 கம்பெனிகளுக்கு மேல் பதிவாகியிருந்தன. அங்கே போய் யாரிடம் பணம் கேட்பது?

முகவரிக்கும் முன்னால் இன்னொரு முட்டுக்கட்டை இருக்கிறது, க. அதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். தனக்கு உரிமம் உள்ள நாடுகளில் நிசமாகவே தொழில் நடத்தும் வணிகர்களைத்தான் ஒரு வங்கி சேர்க்கலாம் என்பது விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்புகளின் பொதுவிதி. விலக்குகள் கொஞ்சம் உண்டு. செஷல்ஸ் கம்பெனி லண்டன் வங்கியின் கதவைத் தட்டினால் திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இந்த விதிதான். இணையத்தில் அட்டைப் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் நாட்டுப் பட்டியலிலும் செஷல்ஸ் இல்லை, வர்ஜின் தீவுகளும் இல்லை. கம்பெனி தொடங்கித் தரும் முகவர்கள் பணம் கட்டும்வரை இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இனி சொல். அட்டை கொடுத்தது 'அட்டைவங்கி'. கடைக்காரர் பக்கம் நிற்பது 'கடைவங்கி'. அங்கே உங்கள் பேரில் இருப்பது 'கடைக்கணக்கு'. 'மெர்ச்சன்ட் அக்கவுண்ட்' என்பதற்குத் தமிழ் தேடும் பிரச்சினையும் சேர்ந்தே தீர்ந்தது.

- செ.

*

செ. இவ்வளவு விளக்கிவிட்டு, கடைசியில் அந்த விளக்கத்துக்கு ஒட்டாத சொல்லைக் கொடுத்திருக்கிறாரே! நட்டத்துக்குப் பொறுப்பு அந்த வங்கி என்றால் 'பிணைவங்கி' என்று வைக்கலாமே? தவிர, 'கடை' என்றால் கடைசி என்றும் பொருள். விமான நிறுவனத்தைக் கடை என்று யார் சொல்வார்?

- தி.

*

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல்.

எங்கட பக்கம் பிணைமுறி என்றால் அரசாங்க பொண்ட். 2015க்குப் பிறகு மத்திய வங்கிப் பிணைமுறி என்ற சொல் கேள்விப்படாத ஆள் இங்க இல்லை. பிணைவங்கி என்று எழுதினால் சனம் அந்த ஊழல் கதையைத்தான் நினைக்கும். அதனால் தி. அண்ணைக்கு என் வாக்கு இல்லை.

க. இந்தக் கையேடு எங்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை. இங்க பேபாலில் காசு அனுப்ப விட்டவர்கள், பெறும் வசதியைப் பல வருடமாகத் தரவில்லை. அதனால்தான் பெடியள் எஸ்தோனிய இ-வதிவுரிமை (அங்க குடியிருக்காமலே இணையத்தில் கம்பனி நடத்த அந்த நாடு தரும் அடையாளம்), டெலவேர் கம்பனி என்று ஓடினது. ஒளித்து வைக்க ஒன்றுமில்லை, வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் காசு வாங்க வேற வழி இல்லை. ஆகவே இப்படி வெளிநாட்டில் பதியும் கம்பனியைச் சொல்லும் 'ஓஃப்ஷோர்' என்பதற்குக் 'கறுப்புப்பண' வாடை இல்லாத சொல்லும் வேணும். 'கடல்கடந்த' என்றால் லக்சம்பேர்க்குக்கு என்ன செய்வது? அங்க கடலே இல்லை.

- யா. ந.

*

தி. அவர்களுக்கு: விளக்கத்தை வரையறையில் வைப்போம். சொல்லுக்குள்ளேயே பொறுப்பு, ஆபத்து, உரிமம் எல்லாவற்றையும் அடைத்தால் வாயில் நுழையாது. அத்தியாயம் படிப்பவருக்கு வரிக்கு வரி தேவைப்படுவது, இந்த வங்கி யார் பக்கம் நிற்கிறது என்பதுதான். அட்டைவங்கி, கடைவங்கி என்று இணையாக வைத்தால் குழப்பமே இல்லை. 'பிணை' என்று வைத்தால் வாங்குபவருக்கு அந்த வங்கி உத்தரவாதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதன் பொறுப்பு அட்டை வலையமைப்பிடம்.

கடை சின்ன வியாபாரம் என்பது இப்போது வந்த எண்ணம். பர்மாவிலும் மலாயாவிலும் லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் தங்கள் தொழிலகத்தைக் கடை என்றுதான் சொன்னார்கள். விமான நிறுவனத்துக்கு அது கௌரவக் குறைச்சல் இல்லை. கடைசி என்ற பொருள் பற்றிய கவலையும் வேண்டாம். கடைவீதியைக் கடைசி வீதி என்று யாரும் படிப்பதில்லை.

யா. ந. சொன்னது நியாயம். 2016இல் பனாமா ஆவணங்கள், அதாவது வெளிநாட்டுக் கம்பெனிகளின் ரகசியக் கோப்புகள், வெளிவந்தபின் 'ஓஃப்ஷோர்' என்ற ஆங்கிலச் சொல்லே குற்றப்பத்திரிகை மாதிரி ஆகிவிட்டது. 'அயற்பதிவு நிறுவனம்' எப்படி? பதிவு ஓரிடம், ஆள் ஓரிடம் என்பதை மட்டும் சொல்கிறது. ஒளிப்பவரும் இருப்பார், வழியில்லாமல் போனவரும் இருப்பார்.

போகிற போக்கில் இன்னொன்று. அபாயம் கூடுதல் என்று நினைக்கும் கடைவங்கி உங்கள் வரவில் ஒரு பங்கை, பொதுவாக 5 முதல் 10 விழுக்காடு, ஆறு மாதம் போலத் தன்னிடமே வைத்திருந்து பிறகு விடும். ஆங்கிலத்தில் 'ரோலிங் ரிசர்வ்'. அதற்குச் 'சுழல் இருப்பு' என்று ஓரிடத்தில் பார்த்தேன். எது சுழல்கிறது என்று யாருக்குத் தெரியும்? 'பிடித்தம்' என்றாலும் தப்பு, சம்பளப் பிடித்தம் திரும்பி வராது. 'நிறுத்திவைப்பு' என்று போடுங்கள்.

- செ.

*

நிறுத்திவைப்புக்கு என் முழு ஆதரவு. என் தம்பி மகனுக்கு ஒரு நிறுவனம் அப்படி நிறுத்திவைத்த பணம் இன்னும் நின்றுகொண்டேதான் இருக்கிறது. கடைவங்கியை அரைமனதோடு ஏற்கிறேன்.

ஒரு கேள்வி. கடைவங்கியே கிடைக்காதவர்கள் பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங் மாதிரி இடங்களுக்குப் போகிறார்களே, அவர்களும் கடைவங்கிதானா?

- தி.

*

இல்லை. அவர்கள் வங்கியே இல்லை, உங்கள் பொருளைத் தங்கள் பெயரில் விற்பவர்கள். வாங்குபவரின் அட்டைக் கணக்கில் அவர்கள் பெயர்தான் விழும். சார்ஜ்பேக் முதலில் அவர்களுக்குத்தான் வரும். 2015 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவில் மென்பொருள் மாதிரி மின்பொருள்களுக்கு வாங்குபவரின் நாட்டு மதிப்புக்கூட்டு வரி (வாட்) கட்ட வேண்டும். அதையும் அவர்களே கட்டுவார்கள். கட்டணம் கூடுதல்தான். ஆனால் கடைவங்கியைத் தேடி அலைய வேண்டியதில்லை, அவர்களுடைய கடைவங்கியே போதும். விற்பவர் யார், எந்த நாடு, என்ன விற்கிறார் என்று அவர்களும் பார்ப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இவர்களை ஆங்கிலத்தில் 'மெர்ச்சன்ட் ஆஃப் ரெக்கார்டு' என்பார்கள். 'பெயர்வழி விற்பனையாளர்' என்று எழுதலாம் என்றால், பெயர்வழி என்றதும் ஊரில் ஏமாற்றிவிட்டு ஓடின ஆள்தான் நினைவுக்கு வருகிறார். 'சட்டப்படி விற்பவர்' என்று இப்போதைக்கு வைக்கலாம். இன்னும் நல்லது தோன்றினால் புது இழையில் எழுதுங்கள்.

- செ.

*

அனைவருக்கும் நன்றி. அத்தியாயத்தின் தொடக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"உங்கள் அயற்பதிவு நிறுவனத்தைத் தொடங்கும் முன், அந்த நாட்டில் பதிவான வணிகரைச் சேர்க்கும் கடைவங்கி எது என்று கேளுங்கள். முகவர் பெயர் சொல்லவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள். கடைவங்கி என்பது உங்களுக்காக அட்டைப் பணத்தை வாங்கித் தரும் வங்கி. நீங்கள் திருப்பித்தரத் தவறினால் அந்த நட்டத்தைச் சுமப்பதும் அதுவே."

'சட்டப்படி விற்பவ'ருக்கு நாளை தனி இழை தொடங்குகிறேன். யா. ந., எஸ்தோனியப் பகுதியை உங்களுக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன், சரிபார்த்துத் தாருங்கள்.

- க.