கீழ்ப் பல் செட்டில் போட்ட சாஃப்ட் லைனர் (ஈறு படும் பக்கத்து மெத்தை) 7 மாதத்தில் இறுகிவிட்டது; சிலிகானுக்கு மாறலாமா?

காரைக்குடி கிளினிக்:
74 வயது அம்மா, கீழ் முழு செட். ரிட்ஜ் (பல் போன இடத்துத் தாடை எலும்பு மேடு) கத்தி முனை மாதிரி மெலிந்துவிட்டது. வலது பக்கம் மென்டல் நரம்பு (கீழுதடு, மோவாய்க்கு உணர்வு தருவது) வெளிவரும் இடத்தில் விரல் வைத்தாலே சுரீர் என்கிறது. கிளினிக்கிலேயே பவுடர் லிக்விட் கலந்து அக்ரிலிக் சாஃப்ட் லைனர் போட்டோம். முதல் 2 மாதம் வலியே இல்லை. இப்போது நகத்தை வைத்து அழுத்தினால் பதியவே மாட்டேன் என்கிறது, மேல்பரப்பும் சொரசொரப்பு. தினமும் ராத்திரி நுரை மாத்திரையில் ஊறப் போடுகிறார்கள். வெற்றிலை, கவுனி அரிசிக் கறை நிறைய. அதைப் பற்றிக் கவலை இல்லை. சிலிகான் எவ்வளவு காலம் தாங்கும்?

தேவகோட்டை, செயற்கைப் பல் பிரிவு:
கலவையில் பிழை இருந்திருக்க வேண்டும் என்றில்லை டாக்டர், அந்தப் பொருளின் குணமே அது. அதை மெத்தென்று வைத்திருப்பது பிளாஸ்டிசைசர். அது எச்சிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும், உள்ளே தண்ணீர் ஏறும். கடைசியில் மிஞ்சுவது விறைத்த அக்ரிலிக். புண்ணான ஈறு ஆறத் தற்காலிகமாகப் போடும் டிஷ்யூ கண்டிஷனரில் ஆல்கஹாலும் உண்டு என்பதால் இன்னும் சீக்கிரம் இறுகும். அதைச் சில நாளுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். நுரை மாத்திரையும் இந்த வகை லைனரின் மேல்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கும். காண்டிடா பூஞ்சைக்கு அது நல்ல இடம்.

சிலிகானில் இப்படி வெளியேற பிளாஸ்டிசைசர் இல்லை, மென்மை நிற்கும். ஆனால் அது அக்ரிலிக்கோடு தானாகச் சேராது, பசையில்தான் பிடித்திருக்கும். அக்ரிலிக் இறுகிக் கெடும், சிலிகான் உரிந்து கெடும். இறுகுவது மெதுவாக நடக்கும், வலி வந்த பிறகுதான் தெரியும். உரிவதைக் கண்ணால் பார்க்கலாம். நரம்பு மேல் செட் உட்காரும் இந்த அம்மாவுக்கு லேபில் செய்யும் ஹீட் க்யூர் (சூட்டில் இறுக வைக்கும்) சிலிகான்தான் என் தேர்வு. ஒழுங்காகச் செய்தால் சில வருடம் போகும்.

அதற்கு முன்னால் பிரஷர் பேஸ்ட் (அழுத்தும் இடத்தைக் காட்டும் களிம்பு) வைத்து ஃபிளாஞ்ச் (செட்டின் ஓர விளிம்பு) நீளத்தையும் கடியையும் பாருங்கள். கடி தப்பாக இருந்தால் எந்த லைனரும் காப்பாற்றாது. ஈறு சிவந்திருந்தால் கண்டிஷனர் போட்டு ஆறிய பிறகே அச்சு எடுங்கள்.

பல் லேப், புதுக்கோட்டை ரோடு:
லைனருக்கு 2 முதல் 3 மி.மீ. கனம் வேண்டும். 1 மி.மீ. என்றால் மெத்தையே கிடையாது. அதன் பின்னால் கெட்டி அக்ரிலிக்கும் குறைந்தது 2 மி.மீ. இருக்க வேண்டும், இல்லையென்றால் கீழ் செட் நடுவில் பிளந்துவிடும். உயரம் போதாத கேஸில் நாக்குப் பக்கம் கோபால்ட் குரோம் தகடு வைத்துக் கேளுங்கள்.

உரிவது பெரும்பாலும் ஓரத்தில்தான் தொடங்கும். லைனரை விளிம்பில் மெல்லிசாக இழுத்து முடிக்கக் கூடாது. அக்ரிலிக்கில் படி வெட்டி, 90 டிகிரியில் முட்டி நிற்கும்படி முடிக்க வேண்டும். படியைப் புதிதாகச் சுரண்டி, காயவைத்து, அந்த சிலிகானுக்கென்று வந்த பசையை மட்டும் பூசி, அதில் விரல் படாமல் பேஸ்ட்டை வைக்க வேண்டும். இரண்டு பேஸ்ட் கலக்கும் அடிஷன் சிலிகான் என்றால் லேடெக்ஸ் கிளவுஸ் ஆகாது. அதிலுள்ள கந்தகம் பிளாட்டினம் வினையூக்கியைக் கெடுத்து, மேல்பரப்பு இறுகாமல் பிசுபிசுக்கும். வினைல் கிளவுஸ் போடுங்கள். சாதாரண அக்ரிலிக் பர் (சுழலும் தேய்ப்பு முனை) சிலிகானைப் பிய்த்துவிடும், அதற்கென்று இருக்கும் கட்டரால் தேய்த்து, கிட்டில் வார்னிஷ் இருந்தால் பூசி முடிக்க வேண்டும்.

காரைக்குடி கிளினிக்:
நன்றி. ஓரம் மட்டும் உரிந்தால் சூப்பர் குளூ வைத்து ஒட்டலாமா? நுரை மாத்திரைக்குப் பதில் என்ன?

தேவகோட்டை, செயற்கைப் பல் பிரிவு:
ஒட்டவே கூடாது. அந்தப் பசை கண்ணாடி மாதிரி இறுகி ஈறைக் குத்தும். முழு லைனரையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

சாப்பிட்டதும் குழாய்த் தண்ணீரில் கழுவி, மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்பு போதும். வெந்நீர் வேண்டாம். ராத்திரி கழற்றிக் குளிர்ந்த தண்ணீரில் போடட்டும். பூஞ்சை இருந்தால் நீர்த்த ஹைபோகுளோரைட், 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உலோகத் தகடு வைத்த செட்டுக்கு அதுவும் கூடாது, அரிக்கும். மஞ்சள் கறையும் கவுனிக் கறையும் முழுக்கப் போகாது, தேய்த்துத் தேய்த்து லைனரைக் கெடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை வரும்போதும் செட்டைக் காற்றடித்துக் காயவைத்து, நாக்குப் பக்க ஓரத்தைக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். இணைப்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால், அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்துங்கள். குமிழ் வந்தால் உள்ளே பிரிந்துவிட்டது.

பல் லேப், புதுக்கோட்டை ரோடு:
அச்சோடு பழைய செட்டையும் அனுப்புங்கள் டாக்டர். எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்த பிறகே தகடு வேண்டுமா என்று சொல்ல முடியும்.