டைலூஷன்: ஐதாக்கலா, நொய்தாக்கலா?

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கையளிக்க வேண்டும். 'டைலூஷன்' என்ற சொல்லில் சிக்கி நிற்கிறேன். நேர்ப்பொருள், தண்ணீர் கலந்து செறிவைக் குறைப்பது, அதாவது ஐதாக்கல். ஆண்கள் போர்முனைக்குப் போனதும், வருடக்கணக்காய்த் தொழில் பழகியவர் செய்த வேலையைத் துண்டு துண்டாக்கி, சில வாரம் பழகிய பெண்களிடம் கொடுத்தார்கள். முதல் போரில் 1915 அளவில் வந்த பேச்சு, 1940இல் மறுபடி வந்தது. 'தொழிலாளர் ஐதாக்கல்' என்று எழுதிப் பார்த்தேன். வாசித்த மாணவி, "பொம்பிளைகளுக்குத் தண்ணி ஊத்தினதா டீச்சர்?" என்கிறாள்.

காரைதீவு ஐயா:
ஐதாக்கலே இருக்கட்டும், பிள்ளை. இரசாயனத்தில் ஐதான அமிலம் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். 'ஐ வியப்பாகும்' என்பது தொல்காப்பியம். ஐது அந்த ஐயிலிருந்து வந்ததென்றே நான் கொள்வேன். பார்த்தவர் வியக்க வேலை செய்த பெண்களுக்கு இது பொருந்தாதா? எங்கள் ஊர் விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அந்த மண்ணிலிருந்து கொண்டு 'டைலூஷன்' என்று தமிழில் எழுத என் கை வராது.

சென்னை நண்பர்:
வியப்பு ஐ வேறு, நுண்மை ஐ வேறு, ஐயா. அதை விடுங்கள். 'ஐதான' என்றால் இங்கே ஒருவருக்கும் புரியாது. நாங்கள் 'நீர்த்த கரைசல்' என்போம். 'நீர்த்தல்' போடலாமே?

காரைதீவு ஐயா:
நீர்த்துப்போன வாதம் என்றும் நீங்கள்தானே சொல்வீர்கள்? பாடம் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு.

வாழைச்சேனை அண்ணன்:
காகித ஆலையில் மெசின் பக்கம் இருந்தவன் நான், அதனால் ஒரு வார்த்தை. தண்ணீர் கலப்பது என்ற நினைப்பே தேர்ந்த ஆண் தொழிலாளியின் பார்வை. அவனுக்குத் தன் தொழில் ஐதாகிப் போனது போலிருந்தது. லேத்தில், அதாவது கடைசல் மெசினில், நின்ற பெண்ணுக்கு அப்படியில்லை. முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 1940 ஒப்பந்தப்படி, ஆணின் வேலையைச் செய்யும் பெண்ணுக்கு 32 வாரம் கழித்து ஆணின் முழுக்கூலி. ஆனால் மேலதிக மேற்பார்வையோ உதவியோ இல்லாமல் செய்ய வேண்டும். இதில்தான் சூட்சுமம். மெசினைச் செட் பண்ணிக் கொடுக்க ஓர் ஆள் பக்கத்தில் வந்தால் அது 'உதவி' ஆகிவிடும், முழுக்கூலி கிடைக்காது. வேலையை உடைத்தவர்களே, உடைந்த வேலை முழுவேலை அல்ல என்றார்கள். 1943இல் கிளாஸ்கோ அருகே ஹில்லிங்டனில் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தது கூலிக்காகத்தான். பொறியியல் தொழிற்சங்கம் பெண்களைச் சேர்த்ததே அந்த வருடம்தான். ஆகவே சொல்லில் 'உடைப்பு' வர வேண்டும், தண்ணீர் வேண்டாம்.

மருதமுனை நானா:
அண்ணன் சொல்வது சரி. எங்கள் நெசவில் தார்க்குச்சியில் நூல் சுற்றுவது, அதாவது தார் சுற்றுவது, ஒருவர், நீளநூலை விரித்துப் பாவோட்டுவது இன்னொருவர், தறியில் இருப்பது வேறொருவர். தார் சுற்றுவதை வீட்டு வேலையோடு சேர்த்துவிட்டால் அதற்கென்று கூலி ஏது? நான் 'வேலை பிரித்தல்' என்பேன்.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
நானா, 'வேலைப் பிரிவினை' பொருளியலில் ஏற்கெனவே வேறொரு கருத்துக்குப் போய்விட்டது. பிள்ளைகள் இரண்டையும் குழப்புவார்கள்.

காரைதீவு ஐயா:
உடைப்புத்தான் வேண்டுமென்றால் 'நொய்தாக்கல்'. நொய் என்பது குறுணல். அரிசி அதே அரிசிதான், உடைந்ததும் விலைதான் இறங்குகிறது. 'நொசிவும் நுழைவும் நுணங்கும் நுண்மை' என்ற நூற்பாவில் வரும் நொசிவும் இதற்கு உறவு என்பேன்.

சென்னை நண்பர்:
அழகு! ஆனால் நொய்ந்துபோன உடம்பு என்றும் ஒரு பொருள் கேட்குமே. பெண்கள் பலவீனர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

வாழைச்சேனை அண்ணன்:
பேச்சோடு பேச்சாக ஒன்று. இந்தப் போர் நமக்குத் தூரமில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் இன்னும் மட்டக்களப்புக் கடலில் கிடக்கிறது. அந்தக் கப்பலைக் கட்டத் தொடங்கியது 1918 ஜனவரியில், முதல் போர் முடியும் முன். டீச்சர், பாடத்தில் ஒரு வரி இதைச் சேர்த்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மருதமுனை நானா:
மறுகா சொல்லுக்கு வருவோமா? வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பெரும்பான்மை ஐதாக்கலுக்கே. உற்சாகமான பெரும்பான்மை என்று சொல்ல மாட்டேன். தலைப்பில் 'தொழில் ஐதாக்கல்' என்று போடுகிறேன். ஐதாவது தொழிலாளர் அல்ல, தொழில் என்றாவது தெரியட்டும். முதல் பந்தியிலேயே அண்ணன் சொன்ன கூலிக் கதையை வைக்கிறேன். ஹெர்மிஸுக்கும் ஒரு வரி உண்டு.

வாழைச்சேனை அண்ணன்:
எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிந்துகொள்ளுங்கள். உடைத்தவனின் கை இந்தச் சொல்லில் தெரியவில்லை.

காரைதீவு ஐயா:
வினை பிறவினைதானே, தம்பி? ஐதாதல் இல்லை, ஐது ஆக்கல். ஆக்கியவன் உள்ளேதான் இருக்கிறான்.

வாழைச்சேனை அண்ணன்:
இலக்கணத்தில் இருக்கிறான் ஐயா, கூலிப் புத்தகத்தில் இல்லை.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
அடுத்த பக்கத்தில் 'ஷொப் ஸ்டூவர்ட்' வருகிறது. தொழிற்சாலைக்குள் சக தொழிலாளர் தெரிவுசெய்யும் சங்கப் பிரதிநிதி. யாராவது? தயவுசெய்து தொல்காப்பியம் இல்லாமல்.